பேட்மேன் பியாண்ட்: ஒரே தொடருக்கு இரண்டு கட்சி ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். “பேட்மேன் பியாண்ட் எப்படி இருக்கும் என்று கேட்டால் ஒருவர், பேட்மேன் அனிமேஷனிலேயே இதுதான் உச்சம் என்கிறார். இன்னொருவர், பள்ளிக்கூடப் பையன் ரெக்கை முளைத்துப் பறக்கிற கதை, நேரத்தை வீணாக்காதே என்கிறார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே தொடர்தானா? இப்போது பார்க்கலாமா?”

தாராளமாகப் பார்க்கலாம். ஆனால் அந்த இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். இது பழைய பேட்மேனான கிழவர் புரூஸ் வெய்னின் கதையாக இருக்கும்போதெல்லாம் அசத்துகிறது. அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டுப் பையன் மட்டும் ஊர் சுற்றும்போது சுமாராகிவிடுகிறது. யாருக்கு எந்த எபிசோட் முதலில் கண்ணில் பட்டதோ, அதை வைத்து அவரவர் கட்சி அமைந்துவிட்டது. ரசிகர்கள் சொல்லும் புகழ்ச்சி, புகார் எல்லாவற்றையும் இந்த ஒன்றை வைத்தே பெரும்பாலும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

முதலில் பின்னணி. தொடர் தொடங்கியது 1999 ஜனவரி 10. அமெரிக்காவின் கிட்ஸ் டபிள்யூபி ஒளிபரப்பியது. 2001 டிசம்பர் வரை மூன்று சீசன், மொத்தம் 52 எபிசோட். உருவாக்கியவர்கள் புரூஸ் டிம், பால் டினி, ஆலன் பர்னெட். 1992-இல் வந்த பேட்மேன் அனிமேஷன் தொடரின் ஆட்களேதான். வட அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் ‘பேட்மேன் ஆஃப் த ஃப்யூச்சர்’ என்ற பெயரில் ஓடியது. அதனால் அந்தப் பெயரில் யாராவது பேசினால் வேறு தொடர் என்று நினைத்துவிட வேண்டாம்.

சேனல் கேட்டது என்னவோ சின்ன வயசுப் பேட்மேன். பள்ளியில் படிக்கிற பேட்மேன் இருந்தால் சிறுவர்கள் பார்ப்பார்கள் என்ற கணக்கு. செய்தி வெளியானபோது பழைய ரசிகர்கள் முகம் சுளித்ததில் ஆச்சரியமில்லை. பெற்றோரைக் கண்ணெதிரே பறிகொடுத்து, அந்த இரவிலிருந்து வெளியே வரவே முடியாத மனிதன் என்பதுதான் பேட்மேனின் அடித்தளம். அந்த முகமூடியை ஒரு விடலைப் பையனுக்கு மாட்டிவிட்டால் உள்ளே என்ன மிஞ்சும்? டிம் குழு கண்ட வழி, கதையைப் பல ஆண்டுகள் முன்னால் தள்ளி, பழைய பேட்மேனை உயிரோடு வைத்துக்கொண்டது. சேனல் கேட்ட இளைஞனும் வந்துவிட்டான், ரசிகர்களின் புரூஸும் போய்விடவில்லை. எண்பது வயதுக்காரராக, கையில் தடியோடு, ஏஸ் என்ற முரட்டு நாயை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்டு மாளிகையில் இருக்கிறார்.

முதல் எபிசோடின் தொடக்கத்தைப் பாருங்கள். தொடரை வெறுப்பவர்கள்கூட இந்தச் சில நிமிடங்களைக் குறை சொல்லிக் கேட்டதில்லை. புரூஸுக்கு வயதாகிவிட்டது. கறுப்பு நிறத்தில், மார்பில் சிவப்பு வௌவால் போட்ட புதிய சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு, கடத்தப்பட்ட ஒரு பெண்ணை மீட்கப் போகிறார். உடலில் இல்லாத பலத்தை அந்த சூட் கொடுக்கிறது. நடுச்சண்டையில் நெஞ்சு வலிக்கிறது. ஒரு சாதாரண அடியாள் அவரைக் கீழே தள்ளி அடிக்கிறான். எழ முடியவில்லை. கைக்கெட்டும் தூரத்தில் ஒரு துப்பாக்கி கிடக்கிறது. எடுத்து நீட்டுகிறார். அடியாள் பயந்து ஓடிவிடுகிறான். அவ்வளவுதான், சுடவில்லை. ஆனால் துப்பாக்கியைத் தொடவே மாட்டேன் என்று வாழ்ந்த மனிதர் அதை ஒருவன் நெஞ்சுக்கு நேரே நீட்டிவிட்டார். தன் கையை அவர் பார்க்கிற பார்வை ஒன்று இருக்கிறது. அதற்கு வசனமே தேவைப்படவில்லை. மாளிகைக்கு அடியிலுள்ள தன் ரகசியக் குகைக்குத் திரும்புகிறார், இனி ஒருபோதும் இல்லை என்று சொல்லி, விளக்குகளை அணைத்துவிட்டுப் போகிறார். அடுத்த ஷாட்டில் இருபது ஆண்டுகள் ஓடிவிட்டன.

ஒரு சூப்பர் ஹீரோ எதிரியிடம் தோற்று ஓய்வுபெறுவதை நிறையப் பார்த்திருக்கிறோம். இவர் தன்னுடைய விதியைத் தானே மீறிவிட்டதால் ஓய்வுபெறுகிறார். சிறுவர்களுக்கான சேனலில், தொடரின் முதல் காட்சியாக இதை வைக்கத் துணிச்சல் வேண்டும்.

அதற்கப்புறம்தான் டெர்ரி மெக்கின்னிஸ் வருகிறான். பதினாறு, பதினேழு வயது. சிறார் சீர்திருத்த இல்லத்துக்கு ஒருமுறை போய்வந்தவன். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். அவன் அப்பாவோடு இருக்கிறான், தம்பி மேட் அம்மாவோடு. அப்பாவிடம் சண்டை போட்டுவிட்டுக் கோபமாக வெளியே போகிறான். பேட்மேனின் பழைய எதிரி ஜோக்கரின் பெயரைச் சொல்லித் திரியும் ‘ஜோக்கர்ஸ்’ ரவுடிக் கும்பல் துரத்த, வெய்ன் மாளிகை வாசலில் போய் நிற்கிறான். கிழவர் தடியைச் சுழற்றி அந்தக் கும்பலை விரட்டுகிறார். பிறகு மூச்சு வாங்கித் தள்ளாடுகிறார். உள்ளே கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு, பெரிய கடிகாரத்தின் பின்னாலிருக்கும் வழியை டெர்ரி தற்செயலாகக் கண்டுபிடிக்கிறான். வீடு திரும்பினால் அப்பா கொல்லப்பட்டிருக்கிறார். வெய்ன்-பவர்ஸ் நிறுவனம் ரகசியமாகத் தயாரித்த நரம்பு வாயுவைப் பற்றிய ஆதாரம் அவர் கைக்கு வந்ததுதான் காரணம். கொலைக்குப் பின்னால் இருப்பவன் நிறுவனத்தின் தலைவன் டெரிக் பவர்ஸ்.

டெர்ரி சூட்டைத் திருடுகிறான். ஆம், யாரும் அவனைத் தேர்ந்தெடுக்கவில்லை, பயிற்சி கொடுக்கவில்லை. திருடிப் போட்டுக்கொண்டு போகிறான். விஷயம் தெரிந்ததும் புரூஸ் குகையில் உட்கார்ந்தபடியே சூட்டின் இயக்கத்தை நிறுத்திவிடுகிறார். எதிரிகள் சுற்றி நின்று அடிக்க, கல் சிலை மாதிரி அசைய முடியாமல் கிடக்கிறான் பையன். காதுக்குள் கிழவர் திட்டுகிறார், பையன் கெஞ்சுகிறான். அப்பாவைக் கொன்றவனை விடக்கூடாது என்கிறான். ஒரு நொடி மௌனம். பிறகு சூட் மறுபடி உயிர் பெறுகிறது.

ரசிகர்கள் இந்தத் தொடரைக் கொண்டாடுவதற்கான காரணம் முழுவதும் அந்த ஒரு நொடியில் இருக்கிறது. சூட்டுக்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவன் உடம்பைக் கொடுக்கிறான், மற்றவர் கண்ணையும் அனுபவத்தையும் கொடுக்கிறார். டெர்ரி பார்ப்பதைப் புரூஸும் திரையில் பார்க்கிறார், காதுக்குள் பேசுகிறார். வழக்கமான பேட்மேன் கதையில் ஹீரோ மனசுக்குள் நினைத்துக்கொள்வதெல்லாம் இங்கே இரண்டு பேர் பேசிக்கொள்ளும் வாக்குவாதமாகிவிடுகிறது. கதை சொல்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஒருவன் தனியாக இருட்டில் நடக்கும் காட்சியில்கூட நகைச்சுவை வைக்கலாம், மோதல் வைக்கலாம்.

குரல்களைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. 1992 முதல் பேட்மேனுக்குக் குரல் கொடுத்த கெவின் கான்ராய் இதிலும் புரூஸ். பழைய தொடரின் ஆரம்பத்தில் புரூஸுக்கு இலகுவான ஒரு குரல், பேட்மேனுக்குக் கனத்த ஒரு குரல் என்று பிரித்துப் பேசியிருப்பார். இதில் வரும் முதியவரிடம் அந்த இலகுவான குரல் இல்லவே இல்லை. முகமூடியைக் கழற்றி இருபது வருடமாகிவிட்டது, குரல் மட்டும் பேட்மேனுடையதாகவே தங்கிவிட்டது. டெர்ரிக்குக் குரல் வில் ஃப்ரீடில், நகைச்சுவைத் தொடரிலிருந்து வந்தவர். கான்ராய் 2022 நவம்பரில் காலமான பிறகு பலர் இந்தத் தொடரைத் திரும்ப எடுத்துப் பார்த்தார்கள். எனக்கும் அவர் நடிப்பில் மிகவும் பிடித்தது இந்த வயதான புரூஸ்தான். சோர்வு, எரிச்சல், வெளிக்காட்டாத பாசம் எல்லாம் இரண்டே சொல்லில் வந்துவிடும்.

‘ஷ்ரீக்’ என்ற எபிசோடைப் பலரும் உதாரணம் காட்டுவார்கள். ஒலிப் பொறியாளர் ஒருவன், பவர்ஸிடம் கூலி வாங்கிக்கொண்டு, புரூஸின் தலைக்குள்ளேயே குரல் கேட்பது போலச் செய்கிறான். ‘எல்லாம் முடிந்துவிட்டது, புரூஸ், செத்துப்போ’ என்கிற மாதிரிக் குரல். கிழவருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊரை நம்பவைத்தால் நிறுவனம் முழுக்கப் பவர்ஸ் கைக்கு வந்துவிடும். புரூஸ் அதில் மயங்கவில்லை. கடைசியில் டெர்ரி, அது உங்கள் மனக்குரல் இல்லை என்று எப்படித் தெரிந்தது என்று கேட்கிறான். அந்தக் குரல் என்னைப் புரூஸ் என்று கூப்பிட்டது, என் மனசுக்குள் நான் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை என்கிறார். சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது. எண்பது வயதில், சூட் போட முடியாத உடம்போடு, இன்னும் தன்னைப் பேட்மேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

‘மெல்ட்டவுன்’ இன்னொன்று. பழைய வில்லன் மிஸ்டர் ஃப்ரீஸின் தலை மட்டும் உயிரோடு இருக்கிறது. அவருக்குப் புதிய உடல் ஒன்றை வளர்த்துக் கொடுக்கிறார்கள். முதல் முறையாகச் சாதாரண மனிதராக வெயிலில் நிற்கிறார், பரிகாரமாக ஓர் அறக்கட்டளை தொடங்குகிறார். புரூஸ் நம்பவில்லை. டெர்ரி நம்புகிறான். ஆனால் புதிய உடலிலும் பழைய நோய் திரும்புகிறது. வைத்தியம் பார்த்தவர்களே அவரை அறுத்துச் சோதிக்கப் பார்க்கிறார்கள். இடிந்து விழும் கட்டடத்துக்குள் டெர்ரி கை நீட்டிக் கூப்பிடுகிறான். உனக்கு மட்டும்தான் என்மேல் அக்கறை என்கிற அர்த்தத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டு ஃப்ரீஸ் உள்ளேயே நின்றுவிடுகிறார். புரூஸுக்கும் டெர்ரிக்கும் என்ன வித்தியாசம் என்பதை எந்தப் பிரசங்கமும் இல்லாமல் காட்டிய எபிசோட் இது. பையனிடம் இருக்கும் இரக்கம் அவன் அனுபவம் இல்லாததால் வந்தது என்று புரூஸ் நினைக்கிறார். கதை அவர் பக்கம் முழுதாகச் சாயவில்லை.

சரி, இனி புகார்கள்.

அதிகம் கேட்பது, ‘இது பேட்மேன் வேடம் போட்ட ஸ்பைடர்மேன்’ என்பது. பள்ளி, வீட்டில் பொய், காதலியிடம் சாக்குப்போக்கு, சண்டையில் கிண்டல் பேச்சு, பெரியவர் ஒருவரின் சாவால் வந்த குற்ற உணர்வு. பட்டியல் போட்டால் மறுக்க முடியாது. நானும் மறுக்கப்போவதில்லை. ஆனால் ஸ்பைடர்மேனுக்கு இல்லாத ஒன்று டெர்ரிக்கு இருக்கிறது, காதுக்குள் ஒரு கண்டிப்பான முதலாளி. வெளியுலகுக்கு டெர்ரி, புரூஸிடம் சம்பளம் வாங்கும் உதவியாளன். ஏன் ராத்திரி லேட்டாகிறது என்று அம்மா கேட்டால் சொல்ல இதுதான் காரணம். இந்த ஏற்பாட்டை எழுத்தாளர்கள் பயன்படுத்தும் எபிசோடில் ஸ்பைடர்மேன் ஞாபகமே வராது. மறந்துவிடும் எபிசோடில் நன்றாகவே வரும்.

அது பெரும்பாலும் இரண்டாவது சீசனில் நடக்கிறது. 26 எபிசோட், மூன்றிலும் நீளமான சீசன். பள்ளிக் கதைகள் இதில்தான் அதிகம். சக மாணவன் ஒருவன் பொம்மைக் காதலியாக ரோபோ வாங்குகிறான், முட்டை வடிவக் குழந்தைப் பொம்மையை வீட்டுப்பாடமாக வளர்க்கிறார்கள், இப்படி. இரண்டுமே வேடிக்கையான எபிசோடுகள், சேர்த்துப் பார்த்தால் நேரம் போவது தெரியாது. ஆனால் முதல் சீசனின் இருட்டில் மயங்கி வந்தவருக்கு இது வேறு கடைச் சரக்கு மாதிரித்தான் தெரியும். இந்த இடத்தில் நிறுத்திவிட்டவர்கள்தான் பின்னால் ‘பள்ளிக்கூடக் கதை’ என்று சொல்லித் திரிகிறார்கள்.

ஒன்றை மட்டும் பள்ளிக் கதைகள் சார்பாகச் சொல்லலாம். 1999-2000 வாக்கில் எழுதிய எதிர்காலக் கவலைகள் இவற்றில்தான் இருக்கின்றன. மாணவர்களின் மனநல ஆலோசகராக இருக்கும் ஸ்பெல்பைண்டர், நிஜம் போலத் தோன்றும் கற்பனை உலகத்துக்குப் பிள்ளைகளை அடிமையாக்கி, அந்த உலகம் மறுபடி வேண்டுமென்றால் திருடிக்கொண்டு வா என்கிறான். விலங்கு மரபணுவை ஏற்றிக்கொண்டு கொம்பும் செதிலுமாகத் திரிவது இளைஞர்களின் ஃபேஷனாகிறது. விளையாட்டு வீரர்கள் தோலில் ஒட்டிக்கொள்ளும் ஊக்கமருந்து ஒன்று புழங்குகிறது. அது பழைய வில்லன் பேன் பயன்படுத்திய வெனம்தான். அந்தத் தடத்தைப் பிடித்துப் போனால் பேன் எலும்பும் தோலுமாக, இயந்திரத்தின் உதவியில் கிடக்கிறான். தொழில்நுட்பத்தைத் திட்டும் தொனி இவற்றில் இல்லை. யார் அதை விற்கிறார்கள், யார் விலை கொடுக்கிறார்கள் என்று மட்டும் பார்க்கிறார்கள்.

வில்லன்கள் பலவீனம் என்ற புகாரில் பாதிதான் உண்மை. ஜோக்கர், டூ-ஃபேஸ், பெங்குவின் அளவுக்கு நிற்கும் கூட்டம் இங்கே இல்லை. அப்படி ஒரு கூட்டம் உருவாகப் பத்திரிகைக் கதைகளில் பல பத்தாண்டுகள் ஆனது, இவர்களுக்குக் கிடைத்தது மூன்று வருடம். ஆனாலும் இங்க் என்ற பெண்ணை மறக்க முடியாது. கறுப்புத் திரவமாக உருகிக் கதவிடுக்கில் நுழைபவள். காசுக்கு நாசவேலை செய்பவள். அனிமேஷனில் மட்டுமே இவ்வளவு அழகாக நகரக்கூடிய பாத்திரம். அவளை உறையவைத்து வைத்திருக்கும் இடத்தில் வேலை பார்க்கும் தனிமையான ஒருவன், அவள்மேல் மயங்கி விடுதலை செய்கிறான், தன்னையும் அவளைப் போல ஆக்கச் சொல்கிறான். அவளும் ஆக்குகிறாள், பாதி மட்டும். அதே எபிசோடில் டெர்ரியைக் காப்பாற்றப் புரூஸ் ஓர் இயந்திரக் கவசத்தை மாட்டிக்கொண்டு களமிறங்குகிறார். பிறகு ஒரு கதையில் இங்க்கின் மகளே பணத்துக்காக அவளைக் கைவிடுகிறாள்.

பெரிய தவறு என்று நான் நினைப்பது வேறு. டெரிக் பவர்ஸ், கதிர்வீச்சால் உடல் ஒளிரும் ‘பிளைட்’ ஆகிறான். டெர்ரியின் அப்பாவைக் கொன்றவன், புரூஸின் நிறுவனத்தைப் பறித்தவன், இரண்டு பேருக்கும் பொதுவான ஒரே பகைவன். அவனை முதல் சீசனோடு முடித்துவிட்டார்கள். அப்புறம் தொடரில் அவன் திரும்பவே இல்லை. அவன் போனதும் டெர்ரியின் தனிப்பட்ட கோபத்துக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. இரண்டாவது சீசன் திசை தெரியாமல் அலைவது போல இருப்பதற்குப் பள்ளிக் கதைகளைவிட இதுதான் பெரிய காரணம் என்பேன்.

துணைப் பாத்திரங்களில் டேனாவைப் பற்றிய புகார் நியாயமானது. காதலி என்ற பெயரில் ஒவ்வொரு எபிசோடிலும் கோபித்துக்கொண்டு போவதுதான் அவள் வேலை. மூன்று சீசன் முடிந்தும் அவளுக்கு ரகசியம் தெரியாது. பள்ளித் தோழி மேக்ஸ் கிப்சன் தானே கணக்குப் போட்டு டெர்ரியின் ரகசியத்தைக் கண்டுபிடிக்கிறாள். புத்திசாலி, வாய்த்துடுக்கு. சிலருக்கு அவள் உயிர், சிலருக்கு மூக்கை நுழைக்கிறவள். எனக்கு அவள் வரும் காட்சிகள் பிடிக்கும், டெர்ரியிடம் நேருக்கு நேர் பேச அவனுக்குச் சம வயதில் ஒருத்தி தேவைப்பட்டாள்.

பார்பரா கார்டன் விஷயத்தில்தான் உண்மையான சண்டை. ஒரு காலத்தில் பேட்கேர்ளாக இருந்தவர் இப்போது கோத்தம் போலீஸ் கமிஷனர். முகமூடி போட்டவர்களை விரும்பாதவர். அந்த மாற்றம் அருமை. ஆனால் அவருக்கும் புரூஸுக்கும் இடையே ஒரு காலத்தில் காதல் இருந்தது என்று தொடர் சொல்கிறது. நண்பரின் மகள், முதல் ராபினாக புரூஸின் துணையாக இருந்த டிக் கிரேசனோடு பழகியவள். பழைய ரசிகர்களில் பெரும்பகுதி இதை இன்றுவரை ஏற்கவில்லை. நானும் அந்தக் கட்சிதான். டிக் கிரேசன் தொடரில் நேரில் வருவதே இல்லை என்பது இந்தக் கசப்பைக் கூட்டுகிறது. அவனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களுக்கு இரண்டொரு பேச்சுக் குறிப்புகளைத் தவிர ஒன்றும் கிடைக்காது.

பாட்டையும் படத்தையும் பற்றி ஒரு வார்த்தை. பழைய தொடரின் வாத்திய இசைக்குப் பழகிய காதுக்கு, டெக்னோவும் ராக்கும் கலந்த தொடக்க இசை அதிர்ச்சியாக இருந்திருக்கும். தொடக்கக் காட்சியை உருவாக்கியவர் டார்வின் குக். வௌவால் சூட்டில் முகம் முழுவதும் மூடியிருக்கும், பழைய பேட்மேன் போல வாய்ப்பகுதி திறந்திருக்காது, மேலங்கியும் கிடையாது. கண்கள் வெறும் வெள்ளைப் பிளவுகள். முகபாவம் அதிகம் காட்டாத அந்த வடிவம் அனிமேட்டர்களின் உடல்மொழிக்கு நல்ல சோதனை. தோள் தொங்குவதை வைத்தே டெர்ரி நொந்துபோயிருக்கிறான் என்று புரியவைக்கிறார்கள்.

அடுத்து வரும் இரண்டு பத்திகளில் கதை முடிவுகள் இருக்கின்றன. பார்க்கப் போகிறவர்கள் தாண்டிக்கொள்ளலாம்.

2000 டிசம்பரில் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜோக்கர்’ என்ற முழுநீளப் படம் நேரடி வீடியோவாக வந்தது. இறந்துபோன ஜோக்கர் வயதே ஏறாமல் திரும்பி வருகிறான். மார்க் ஹேமில் குரல். ஃப்ளாஷ்பேக்கில், அப்போது ராபினாக இருந்த சிறுவன் டிம் டிரேக்கைக் கடத்திச் சித்திரவதை செய்து, தன்னைப் போலவே ஆக்கிவைத்திருக்கிறான் ஜோக்கர். 1999 ஏப்ரலில் நடந்த கொலம்பைன் பள்ளித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு குழந்தைகள் நிகழ்ச்சிகளில் வன்முறை பற்றி அமெரிக்காவில் கடும் எதிர்ப்பு இருந்த நேரம் அது. படத்தை வெட்டித்தான் முதலில் வெளியிட்டார்கள், முழுப் பதிப்பு 2002-இல் வந்தது. ஆனால் நான் அடிக்கடி திரும்பிப் பார்ப்பது ஃப்ளாஷ்பேக்கை இல்லை, கடைசிச் சண்டையை. ஜோக்கரோடு பேச்சுக் கொடுக்காதே, அவன் பேசிப் பேசியே சாய்ப்பான் என்பது புரூஸின் அறிவுரை. டெர்ரியோ, எனக்கும் பேசப் பிடிக்கும் என்று ஆரம்பிக்கிறான். உன்னால் பேட்மேனைச் சிரிக்கவைக்கவே முடியவில்லை, அதுதான் உன் வயிற்றெரிச்சல் என்று சொல்லிச் சிரிக்கிறான். ஜோக்கர் நிதானம் இழக்கிறான். புரூஸால் ஒருபோதும் செய்ய முடியாத ஒன்று அது. ஸ்பைடர்மேன் மாதிரி வாயாடுகிறான் என்று எந்தக் குணத்தைத் திட்டினார்களோ, அதே குணத்தால் ஜெயிக்கிறான்.

தொடருக்குச் சரியான இறுதிக் கதை அமையவில்லை. அந்தக் குறையை 2005 ஜூலையில் ‘ஜஸ்டிஸ் லீக் அன்லிமிடெட்’ தொடரின் ‘எபிலாக்’ என்ற எபிசோட் தீர்த்தது, அல்லது ரசிகர்களை இன்னும் அதிகமாகப் பிரித்தது. டெர்ரி உயிரியல் ரீதியாகப் புரூஸின் மகன் என்று சொல்லிவிட்டார்கள். பேட்மேனுக்கு வயதாவதைப் பார்த்த அரசு அதிகாரி அமாண்டா வாலர், உலகத்துக்கு எப்போதும் ஒரு பேட்மேன் வேண்டும் என்று முடிவெடுத்து, டெர்ரியின் அப்பாவுடைய மரபணுவை அவருக்கே தெரியாமல் மாற்றியிருக்கிறார். பலர் இதில் கண்கலங்கினார்கள். எனக்கு ஒட்டவில்லை. எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பையன் சூட்டைத் திருடிப் போட்டான், கிழவர் ஒரு நொடி யோசித்துவிட்டு அவனை நம்பினார். அதுதான் முதல் எபிசோடின் அழகு. அதற்கு ரத்த பந்தம் என்று காரணம் சொன்னால் அந்த நொடிக்கு மதிப்புக் குறைகிறது. வேடிக்கை என்னவென்றால், அந்த எபிசோடிலேயே எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் காட்சிக்கும் ரத்தத்துக்கும் தொடர்பில்லை. சாகப்போகிற ஏஸ் என்ற சிறுமியின் சக்தியால் பெரும் ஆபத்து வரலாம் என்பதால், அவளைக் கொல்லும் ஆயுதத்தைக் கொடுத்துப் பேட்மேனை அனுப்புகிறார் வாலர். அப்போது பேட்மேனாக இருந்த புரூஸோ அதைப் பயன்படுத்தவில்லை. ஊஞ்சலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கேட்டபடி கடைசிவரை கூட இருக்கிறார். பேட்மேன் யார் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பதில் இல்லை, மரபணு எதற்கு? டெர்ரி குளோன் இல்லை, அவன் முடிவுகள் அவனுடையவைதான் என்று வாலரே சொல்கிறார், அதனால் எழுதியவர்களுக்கும் இந்தச் சிக்கல் தெரிந்தே இருந்திருக்கிறது.

இப்போது பார்க்கத் தொடங்குபவருக்கு என் யோசனை: முதல் சீசன் 13 எபிசோடையும் விடாமல் பாருங்கள். ‘மெல்ட்டவுன்’ வருவதற்கு முன் பழைய தொடரில் மிஸ்டர் ஃப்ரீஸ் அறிமுகமாகும் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ எபிசோடைப் பார்த்துவிட்டால் அதன் கனம் வேறு. இரண்டாவது சீசனில் ஷ்ரீக், கூலிக்குக் கொலை செய்யும் குராரே வருபவற்றையும், ‘எர்த் மூவர்’ என்ற பேய்க்கதை போன்ற எபிசோடையும் பொறுக்கி எடுத்தால் போதும், மற்றவை மனசு இருந்தால். மூன்றாவதில் ‘அவுட் ஆஃப் த பாஸ்ட்’ கட்டாயம். புரூஸுக்கு இளமை திரும்பக் கிடைக்கும் வாய்ப்பு வருகிறது, பழைய எதிரி ராஸ் அல் கூல் எங்கே ஒளிந்திருக்கிறான் என்பது தெரியவரும்போது உடம்பு கூசும். ‘எபிலாக்’ பார்க்கும் முன் 1993-இல் வந்த ‘மாஸ்க் ஆஃப் த ஃபான்டஸம்’ படத்தைப் பார்த்திருப்பது நல்லது, அதில் வரும் ஒரு பெண் இங்கே திரும்பி வருகிறாள்.

ஜோக்கர் படத்தில் மட்டும் எந்தப் பதிப்பு கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃப்ளாஷ்பேக்கில் ஜோக்கர் மின்கம்பியில் சிக்கிச் செத்தால் அது வெட்டிய பதிப்பு, நிறுத்திவிட்டு முழுசைத் தேடுங்கள்.